மலை ஏறிய மூட்டை

எங்கள் கடையின் பழைய பற்று நோட்டுகள் இன்னும் பரண்மேல் கிடக்கின்றன. நீளவாக்கில் மடித்துத் தைத்த சிவப்பு அட்டை நோட்டுகள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள், அப்புறம் அப்பாவின் பொடி எழுத்து. கள்ளக்குறிச்சியில் ஐம்பது வருஷம் உரக்கடை நடத்திய குடும்பம் நாங்கள். 1968இல் அப்பா ஆரம்பித்தார், 1979இல் நான் கல்லாவில் உட்கார்ந்தேன், 2019இல் தங்கை மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

அப்பா ஊர் வாரியாகப் பக்கம் பிரித்துக் கணக்கு வைப்பார். சின்னசேலத்துக்கு ஆறு பக்கம், தியாகதுருகத்துக்கு நாலு, சங்கராபுரத்துக்கு எட்டு, கச்சிராயபாளையத்துக்குப் பத்து. கடைசியில் 'மலை' என்று ஒரே ஒரு பக்கம். வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு, சேராப்பட்டு எல்லாம் அந்த ஒரு பக்கத்துக்குள். எழுபதுகளின் நோட்டுகளில் அந்தப் பக்கம் ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கிறது. ஒரு வருஷம் கொத்து இரண்டு, இன்னொரு வருஷம் தாம்புக்கயிறு. யூரியா என்ற சொல்லே இல்லை.

இந்த வெள்ளைப் பக்கத்தைப் பற்றித்தான் இப்போது மேடைகளில் பேசுகிறார்கள். கல்வராயன் மலை ஆதியிலிருந்தே இயற்கை விவசாய பூமி, நஞ்சு தொடாத மண் என்று. பொய்யில்லை. ஆனால் அந்தப் பக்கம் ஏன் வெள்ளையாக இருந்தது என்று உரம் விற்றவனைக் கேட்டால் வேறு பதில் வரும். மலைக்காரர்கள் கொள்கைக்காக உரம் வாங்காமல் இருக்கவில்லை. லாரி ஏறப் பாதை இல்லை, கையில் ரொக்கம் இல்லை, கூட்டுறவில் கடன் கேட்கப் பட்டா இல்லை. எண்பதுகளின் நடுவிலிருந்து அதே பக்கம் எப்படி மையால் நிரம்பியது என்பதைச் சொன்னால்தான் முன்பு வெள்ளையாக இருந்ததற்கும் அர்த்தம் கிடைக்கும்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும். என் தாத்தா காலத்தில் உரம் மலைக்கு ஏறவில்லை. மலையிலிருந்து இறங்கியது.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை. நடவுக்கு மூன்று வாரம் முன்பே மாட்டுவண்டிகள் விடிகாலையில் மலையடிவாரத்துக்குப் போகுமாம். பொழுது சாயத் தழை ஏற்றிக்கொண்டு திரும்பும். புங்கன், ஆவாரை, எருக்கு, நுணா, வெப்பாலை, தரிசில் முளைத்த கொழுஞ்சி, கைக்கு அகப்பட்டது எல்லாம். நான் சின்னப் பையனாக இருந்தபோது இந்த வழக்கத்தின் கடைசி இரண்டு மூன்று வருஷத்தைப் பார்த்தேன். சேற்றில் தழையைப் பரப்பி, ஆட்கள் வரிசையாகத் தோளைப் பிடித்துக்கொண்டு மிதிப்பார்கள். ஆவாரங்குச்சி உள்ளங்காலில் ஏறும். நாலாம் நாள் தண்ணீர் கறுக்கும். ஒரு வாரத்தில் வயலிலிருந்து எழும் நாற்றம் தெருவுக்கே வரும். பாட்டி அதை நாற்றம் என்று சொல்ல விடமாட்டாள். "வாசம்னு சொல்லுடா" என்பாள். அந்த வாசம் போனால்தான் நாற்று நடலாம், மண் தயார் என்று கணக்கு.

மலைத்தழைக்கு அனுமதிச் சீட்டு, ஃபாரஸ்ட்டுக்காரருக்குக் கும்பிடு, சில சமயம் அபராதம் என்று ஒரு தனிக் கதையே உண்டு. 1882இல் மதராஸ் வனச் சட்டம் வந்தபிறகு காப்புக்காட்டுக்குள் கை வைத்தால் குற்றம். இங்கிலாந்திலிருந்து 1889இல் வந்து நாடெங்கும் சுற்றிப் பார்த்த வேளாண் ரசாயனக்காரர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893இல் வெளிவந்த தன் அறிக்கையில், காடு விவசாயிக்குப் பயன்பட வேண்டும், விறகு கிடைத்தால் சாணத்தை வறட்டி தட்டாமல் வயலுக்குப் போடுவான் என்று வாதாடினார். இந்திய விவசாயிக்குத் தொழில் தெரியாது என்ற பேச்சையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அறிக்கைக்கு நல்ல பெயர் கிடைத்தது. அடிவாரத்தில் அபராதம் நின்றதாக எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

மலைக்கு மேலே வேறு ராஜ்ஜியம். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள் தென்னார்க்காட்டுப் பக்கம் இருந்தன. கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று மலையில் சொல்வார்கள். நாடு 1947இல் சுதந்திரம் அடைந்தது, 1950இல் குடியரசானது. ஜாகீர்தார் ஆட்சி மலையில் முடிந்தது 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில். கீழே என் வயதுப் பையன்கள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது மேலே ஜாகீர்தாருக்கு வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். நிலத்தை அளந்து போட்ட வரி இல்லை, வீட்டில் ஏர் எத்தனை, கொத்து எத்தனை என்று எண்ணிப் போட்ட வரி என்று இன்னாட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். எங்கள் கடைக்கு அவர் நாற்பது வருஷ வாடிக்கை. இனி அவரைப் பெரியவர் என்றே சொல்கிறேன்.

ஏர் ஓடும் சமதரை உழவுக்காடு, ஏர் ஓடாத சரிவு கொத்துக்காடு. கொத்துக்காட்டில் சாமைதான் ராஜா. ஆனி, ஆடியில் முதல் மழைக்கு விதைத்தால் புரட்டாசி, ஐப்பசியில் அறுப்பு. சாமைக்குள் கடுகைத் தூவுவார்கள், ஓரத்தில் ஆமணக்கு, துவரை, வேலியில் அவரை. மாட்டையும் ஆட்டையும் பட்டியடைத்தால் அதுதான் உரம். இரண்டு மூன்று போகம் எடுத்துவிட்டு நிலத்தைச் சும்மா போட்டுவிடுவார்கள். அடுப்புச் சாம்பல் கலந்து மூங்கில் தொம்பையில் வைத்த விதைச் சாமை வருஷக்கணக்கில் கெடாது. தாது வருஷப் பஞ்சம் 1876இலிருந்து 1878 வரை சேலம், தென்னார்க்காட்டுச் சமவெளியைச் சூறையாடியதைப் பற்றிக் கீழே பாட்டிமார் கதை கதையாகச் சொல்வார்கள். பெரியவருக்கு அவருடைய தாத்தா சொன்னது இவ்வளவுதான்: "அந்த வருசம் கீழ்நாட்டாளுங்க கெழங்கு தோண்ட மேல வந்தாங்க."

இதையெல்லாம் கேட்டு யாரும் மயங்க வேண்டாம். அந்தச் சாமை வயிற்றை நிரப்பியது, பணம் தரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தூளி கட்டிச் சுமந்துகொண்டு இறங்க வேண்டும். அதில் செத்தவர்கள் கணக்கு எந்த நோட்டிலும் இல்லை.

இனி மூட்டையின் கதை. இந்தியாவின் முதல் ரசாயன உர ஆலை எங்கோ வடக்கே வந்ததாகத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். 1906இல் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி சூப்பர் பாஸ்பேட் செய்ய ஆரம்பித்ததுதான் முதல். நம்மூருக்கு இன்னும் நெருக்கமாக வந்தது நெய்வேலி. பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா எடுக்கும் ஆலை 1966இல் ஓட ஆரம்பித்தது. தென்னார்க்காட்டு மண்ணுக்கு அடியிலிருந்து எடுத்த கரி, உப்புப்போல வெள்ளை வெளேரென்று மூட்டையாகி, தென்னார்க்காட்டு மண்ணுக்கு மேலேயே திரும்பி வந்தது. அப்பா கடை போட்டதற்கே அந்த ஆலைதான் தைரியம். அப்புறம் 1971இல் மணலி, 1975இல் தூத்துக்குடி ஸ்பிக். மூட்டைக்குப் பஞ்சமில்லை என்ற நிலை வந்தது.

அந்தக் காலத்தை இன்றைய இளைஞர்கள் சதியாகப் பார்க்கிறார்கள். நான் பார்த்தது வேறு. 1965, 66 வறட்சியில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்த நாடு இது. ரேஷன் கடையில் மைலோச் சோளம் வாங்கக் கால்கடுக்க நின்றவள் என் அம்மா. 1967 தேர்தலே ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியில் சூடேறிய தேர்தல். அப்படிப்பட்ட ஊரில் கோமுகி அணைத் தண்ணீர் வந்து, ஐ.ஆர். 8, ஐ.ஆர். 20 என்று குட்டை நெல் வந்து, ஒரு மூட்டை யூரியாவுக்குப் பயிர் கரும்பச்சையாக எழுந்து நின்றால் விவசாயி கும்பிடத்தான் செய்வான். கும்பிட்டார்கள், நான் பார்த்தேன். பிலிப்பைன்ஸில் உருவான ஐ.ஆர். 20 நெல்லும் முழுக்க அந்நியன் இல்லை. அதன் ஒரு பக்கத்துத் தகப்பன் டி.கே.எம். 6, திரூர் ஆராய்ச்சி நிலையத்து நெல். அதற்கும் மூத்தது ஜி.இ.பி. 24, நம் சம்சாரிகள் கிச்சிலிச் சம்பா என்று கொண்டாடியது. பாரம்பரிய நெல் மேளாவில் ஒரு மேஜையில் கிச்சிலிச் சம்பாவும் எதிர்வரிசையில் ஐ.ஆர். 20ஐத் திட்டும் பதாகையும் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

கீழ்நாட்டில் உரம் பரவியது நெல்லாலும் கரும்பாலும். அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். மலைக்கு உரம் ஏறிய விதம் வேறு.

1943. உலகப்போர். மலேயா ஜப்பான்காரன் கையில். அங்கிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் கிழங்கு மாவும் நின்றுபோயின. சேலத்தில் கருவாடு வியாபாரம் செய்துகொண்டிருந்த மாணிக்கம் செட்டியார், மலேயாவில் தொழில் பார்த்திருந்த பொப்பட்லால் ஷாவோடு சேர்ந்து, இங்கேயே குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியிலிருந்து மாவு எடுத்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார். பாயசத்தில் போடும் அந்த வெள்ளை முத்துதான் எங்கள் மலையின் தலையெழுத்தை மாற்றியது. சேலம், ஆத்தூர் பக்கம் சேகோ மில்கள் பெருகின. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு வந்து விற்பனைக்கு ஒழுங்கு ஏற்பட்டது. மில்லுக்குக் கிழங்கு வேண்டும். கீழ்நாட்டு நிலம் போதவில்லை. ஜாகீர் போய் அரசாங்கம் வந்திருந்த மலைக்குப் பாதையும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது.

குச்சிக்கிழங்கை நடுவது சுலபம். ஒரு சாண் குச்சியை வெட்டிச் செருகினால் போதும். மழை பொய்த்தாலும் சாகாது. குத்தவேண்டாம், புடைக்கவேண்டாம், குருவி ஓட்டவேண்டாம். பத்து மாதத்தில் பிடுங்கினால் லாரி வரும், ரொக்கம் வரும். மலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திராத ரொக்கம். யார்தான் வேண்டாம் என்பார்கள்?

மில்லில் கிழங்குக்கு எடைக்கு மட்டும் விலை இல்லை. மாவுக்கு விலை. லாரியிலிருந்து மாதிரிக்குக் கொஞ்சம் கிழங்கை எடுத்துத் தண்ணீரில் முக்கி எடை பார்ப்பார்கள். அதில் 'பாயிண்ட்' தெரியும். பாயிண்டுக்கு இத்தனை ரூபாய். பாயிண்ட் ஒன்று குறைந்தால் சுமையில் எவ்வளவு போகும் என்று எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் விரல் மடக்கிச் சொல்லிவிடுவார்கள்.

1985 என்று நினைக்கிறேன். நோட்டில் அப்படித்தான் தேதி. பெரியவர், அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, கடை வாசலில் செருப்பை விட்டுவிட்டுத் தயங்கி நின்றார்.

"மொதலாளி, கெழங்குக்கு என்னா போட்டா பாயிண்டு ஏறும்?"

"பொட்டாஷ் போடுங்க கவுண்டரே. கூட யூரியா ஒரு மூட்டை."

"மூட்டை எப்படி மலைக்கு ஏத்தறது?"

அதற்கு நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கிழங்கு ஏற்ற மலைக்குப் போகும் லாரி போகும்போது வெறும் வண்டியாகத்தானே போகிறது. டிரைவரிடம் டீக்காசு கொடுத்தால் நாலு மூட்டை ஏற்றிக்கொள்வான். அன்றைக்கு இரண்டு மூட்டை போயின. அந்த வருஷம் 'மலை' பக்கம் பாதி நிரம்பியது. தொண்ணூறில் 'மலை'க்கு ஒரு தனி நோட்டே போட்டேன்.

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். உரம் தானாக மலை ஏறவில்லை. கிழங்கை இறக்கப் போன வெறும் லாரியில் ஏறியது. விளைந்ததை அங்கேயே தின்றவரை, அதன் சத்து சாணமாக, சாம்பலாக, தட்டையாக அந்த மண்ணுக்கே திரும்பியது. தோலோடும் மண்ணோடும் கிழங்கை லாரியில் ஏற்றி ஐம்பது மைல் தள்ளி அனுப்பிய நாளிலிருந்து மண் கடன்பட்டது. குச்சிக்கிழங்கு மண்ணிலிருந்து பொட்டாஷை அள்ளிக்கொண்டு போகும் பயிர். அந்தக் கடனை அடைக்க நான் மூட்டை விற்றேன். சரிவில் கிழங்கு பிடுங்கும்போது மண் புரண்டு மழையில் ஓடும். அதற்கு விற்க என்னிடம் ஒன்றும் இல்லை.

1992 ஆகஸ்டில் டெல்லியில் ஒரு முடிவு எடுத்தார்கள். டி.ஏ.பி., பொட்டாஷ் விலைக்கட்டுப்பாடு நீங்கியது. யூரியா மட்டும் அரசு விலையில் நின்றது. உரக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் அந்த வருஷம் மறக்காது. பொட்டாஷ் விலையைக் கேட்டதும் ஆட்கள் எழுந்து போனார்கள். "யூரியாவே ரெண்டா போடு" என்று வாங்கிப் போனவர்கள் அதிகம். கிழங்குக்கு யூரியா கூடினால் இலைதான் கூடும், மாவு ஏறாது. எனக்குத் தெரியும். சொன்னேனா என்றால் சில பேரிடம் சொன்னேன், சில பேரிடம் சொல்லவில்லை. கல்லாவில் உட்கார்ந்தவனின் நியாயம் அவ்வளவுதான்.

உரத்தைவிட மருந்துக் கணக்குதான் எனக்கு இப்போது உறுத்துகிறது. மாவுப்பூச்சிக் கதையைச் சொல்கிறேன். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு என்று எல்லாவற்றிலும் ஏறியது. மலையிலிருந்து கொத்தை ஒடித்து நேராகக் கடைக்கே கொண்டுவந்தார்கள். இலைக்கு அடியில் பஞ்சு ஒட்டவைத்த மாதிரி வெள்ளை. தொட்டால் பிசுபிசுப்பு, கீழ் இலைகள் மேல் கறுப்புப் படலம். என்னிடம் இருந்ததிலேயே கடுமையான மருந்தைக் கொடுத்தேன். அடித்தார்கள். போகவில்லை. இன்னும் கூட்டி அடித்தார்கள். மெழுகுப் பூச்சுக்குள் இருக்கும் பூச்சிமேல் மருந்து ஒட்டாமல் உருண்டு விழுந்துவிடுகிறது. சாவது அதைத் தின்ன வந்த பொறிவண்டும் சிலந்தியும். அதாவது நான் காசு வாங்கிக்கொண்டு மாவுப்பூச்சிக்குக் காவல் வேலை பார்த்திருக்கிறேன். கடைசியில் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒரு குட்டிக் குளவிதான் அதை அடக்கியது.

புத்தி வந்ததா? பத்தே வருஷத்தில் வேறொரு மாவுப்பூச்சி, குச்சிக்கிழங்குக்கென்றே பிறந்தது, 2020இல் கேரளத்தில் திருச்சூரில் கண்டார்கள். சீக்கிரமே சேலம், நாமக்கல், எங்கள் மாவட்டம். நுனி வளராமல் சுருண்டு கொத்தாகிப் போகும். நான் அப்போது கடையில் இல்லை. தங்கை மகன் ஃபோனில் கேட்டான்: "மாமா, எந்த மருந்து குடுக்கறது?" எதுவும் கொடுக்காதே, நுனியைக் கிள்ளி எரிக்கச் சொல் என்றேன். வியாபாரம் தெரியாதவர் என்று நினைத்திருப்பான்.

இதே பூச்சி எழுபதுகளில் ஆப்பிரிக்காவில் இறங்கி, மரவள்ளியையே சோறாகத் தின்னும் நாடுகளைக் கதிகலங்க வைத்தது. அதன் சொந்த ஊர் தென்னமெரிக்கா. அங்கே பராகுவேயில் அதற்கு ஒரு எதிரிக் குளவி இருப்பதைக் கண்டுபிடித்து, 1981இலிருந்து ஆப்பிரிக்காவில் விட்டார்கள். பெரும்பஞ்சம் தவிர்ந்தது. அந்த வேலையை முன்னின்று நடத்திய சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். அந்தக் குளவியைத்தான் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, பெங்களூரில் வளர்த்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள். ஏத்தாப்பூர் எங்கள் மலைக்கு மேற்கே, வசிஷ்ட நதிப் பக்கம். அந்தக் குளவி எள்ளைவிடச் சின்ன உயிர். மாவுப்பூச்சிக்கு உள்ளே முட்டை வைக்கும். குஞ்சு உள்ளிருந்தே தின்றுகொண்டு வளரும். பூச்சி காய்ந்து பழுப்பாகி, சின்ன உருளையாகிவிடும். ஒரு நாள் பெரியவரின் பேரன் ஒரு இலையை என் முன்னால் நீட்டி, அந்த உருளையில் ஊசிமுனைத் துளையைக் காட்டினான். குளவி வெளியேறிய வாசல். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் பூச்சிமருந்து விற்றவன் அன்றுதான் பூச்சியைப் பார்த்தேன்.

சாமை என்ன ஆனது என்று கேட்பீர்கள். உரம் அதைக் கொல்லவில்லை. உலக்கை கொன்றது. சாமை உமி கல்மாதிரி. உரலில் இட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து ஒரு வீட்டுக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு ஆக்குவதற்குள் பொழுது நன்றாக விடிந்துவிடும். குத்தியது பெண்கள். ரேஷன் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து விலையில்லா அரிசி. பெரியவரின் மருமகளிடம் ஒருமுறை சாமைச் சோற்றின் பெருமையைப் பேச ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அண்ணா, ரேசன் அரிசி வந்தப்புறந்தான் இந்தத் தோள்பட்டை என்னோடதாச்சு" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பெருமையை நான் பெண்கள் இருக்கும் இடத்தில் பேசுவதில்லை.

இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வாரை எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்குப் பிடிக்காது. மறைக்க என்ன இருக்கிறது. 1963இலிருந்து கோவில்பட்டி அரசு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்துவிட்டு, 1969இல் வேலையை உதறியவர். மானாவாரி விவசாயிக்கு விலைகொடுத்து வாங்கும் இடுபொருள் கட்டுப்படியாகாது என்பதுதான் அவர் அங்கே கண்டது. இது அரசியல் பேச்சு என்று நினைத்தேன். அப்புறம் என் நோட்டை எடுத்து, வராக்கடன் பக்கத்தைப் புரட்டினேன். தொண்ணூறு சதவீதம் என்று சொன்னால் கதை அளப்பதாகும், ஆனால் விரல் போன இடமெல்லாம் மானாவாரிக்காரர்கள். அவர் 2013 டிசம்பரில் இறந்தபோது கடையை அரைநாள் மூடினேன். ஏன் மூடினீர்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டதற்கு, ஸ்டாக் எடுக்கிறேன் என்றேன்.

ஆனாலும் ஒரே ராத்திரியில் மூட்டையை நிறுத்தலாம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இலங்கையில் 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நெல்லும் தேயிலையும் சரிந்தன. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். காலியான கஜானாவை மறைக்கப் போட்ட பச்சைத் துணி என்றுகூடச் சொல்வேன். அதிலிருந்து இயற்கை விவசாயம் நடக்காது என்று பாடம் எடுக்கிறவர்களும் தப்பு. நூறு வண்டித் தழையையும் ஐம்பது மாட்டையும் ஐந்து வருஷத்தையும் ஒரு அரசாணை ஈடுகட்டாது, அவ்வளவுதான். எங்கள் ஊரிலேயே பாருங்கள். தழை மிதிக்கலாம் என்று ஆசைப்பட்டால் அடிவாரத்தில் தழை இல்லை, வண்டி இல்லை, மிதிக்க ஆள் இல்லை. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதுதான் இன்று எங்கள் இரண்டு ஏக்கருக்குக் கட்டுப்படியாகிறது.

தமிழ்நாடு அரசு 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அந்த வருஷத்தையே ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. திருவண்ணாமலைப் பக்கம் அத்தியந்தலில் சிறுதானியத்துக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. உமி நீக்கும் மிஷின்கள் வந்துவிட்டன. சாமைக்கு ஒரு வழி திறந்தது என்றால், என்னைக் கேட்டால், அந்த மிஷினால்தான். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானதையோ, எங்கள் மலையில் சாமை விளைவதையோ வெளியூரில் யாரும் கேட்பதில்லை. 2024 ஜூனில் எங்கள் ஊர்க் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு, சாராயம் காய்ச்சும் மலைதானே என்றுதான் கேட்கிறார்கள். பெரியவர் வீட்டுப் பிள்ளைகள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போனால் ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்கிறார்கள்.

அந்தப் பேரன்தான், குளவி காட்டியவன், ஊரில் ஐந்து பேரைச் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்தான். ஒருவர் காட்டை மற்றவர் பார்த்துச் சான்று சொல்லும் முறை, பி.ஜி.எஸ். என்கிறார்கள். ஏற்றுமதிச் சான்றிதழ் மாதிரி செலவில்லை. ஆனால் நிலத்துக்குக் காகிதம் கேட்கிறார்கள். வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தும் காகிதம் கைக்கு வராத இரண்டு பேரைக் குழுவில் சேர்க்க முடியவில்லை. ஜாகீர்தாருக்கு ஏரை எண்ணி வரி கட்டிய குடும்பங்கள். அன்றும் நிலத்துக்குக் கணக்கில்லை, இன்றும் இல்லை.

சரிவு முழுக்கச் சாமை போடச் சொல்லி நானும் கேட்கவில்லை, அவனும் போடவில்லை. பாதிக் காடு இன்னும் கிழங்குதான். மகள் படிப்புக்கு அதுதான் காசு. மீதிப் பாதியில் சாமை, கடுகு, அவரை. போன ஐப்பசியில் அறுத்துக் காயவைத்து, கிழங்கு லாரியிலேயே ஒரு ஓரத்தில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தான். பழைய கடையின் பின்கட்டில் இறக்கினோம். பன்னிரண்டு மூட்டை. தராசு எங்களுடையதுதான்.

குழுவில் உள்ள இன்னொருவர் கூடவே வந்திருந்தார். மூட்டைகளைச் சுற்றிவந்து பார்த்தவர் திடீரென்று நின்றுவிட்டார். நானும் அப்போதுதான் பார்த்தேன். பன்னிரண்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பைகள், நன்றாகத் துவைத்துக் காயவைத்தவை. நீல எழுத்து மங்கியும் தெரிகிறது: யூரியா, 46 சதம் நைட்ரஜன், நிகர எடை 45 கிலோ. ரசாயன உரம் வந்த பையில் இயற்கை விளைச்சலை வைக்கக் கூடாது என்பது விதி.

பேரன் தலையைச் சொறிந்தான். "மலையில வேற பை ஏது மாமா? எங்க வீட்ல மொளகா காயவெக்கிறதே இதுலதான்."

அரிசி மில்லில் போய்ப் புதுச் சணல் கோணி பன்னிரண்டு கடனுக்கு வாங்கிவந்தேன். மாற்றிக் கட்ட சாயங்காலம் ஆகிவிட்டது. பரணிலிருந்து என் கடைசி 'மலை' நோட்டை இறக்கி, தூசி தட்டிப் பிரித்தேன். ஒரு பக்கம் முழுக்கப் பற்று. எதிர்ப் பக்கம் வரவு என்ற தலைப்புக்குக் கீழே, கிழங்குக் காசு வந்தபோது அவர்கள் தீர்த்த பாக்கிகள் தவிர வேறு ஒன்றும் எழுதியதில்லை. பேனாவை உதறி எழுதினேன்: சாமை, மூட்டை பன்னிரண்டு. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்: கோணிக்காசு பாக்கி.

"அது யார் கணக்குல மாமா?" என்றான்.

"மொதல்ல சாமை விக்கட்டும்" என்றேன்.